என் சர்வரில் இன்னொருவன்

ஜூன் 3

போனை எடுக்காதவளுக்கு,

நேற்று நீ பாதியில் வைத்த பிறகு மறுபடி மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. கடைசியில் ஒரு வரி அனுப்பினாய்: "இனிமே சண்டைன்னா மெயில்ல எழுது. போன்ல நீ பேசறதில்ல, குரைக்கிற." சரி, எழுதுகிறேன். எழுத்தில் சத்தம் கேட்காது என்று நினைத்திருக்கிறாய். பார்க்கலாம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாம் பேசி வைத்தது என்ன? நான் முதலில் இங்கே வந்து இந்தப் புது ஆஸ்பத்திரிக்கு சர்வர் அறை அமைப்பது, வீடு பார்ப்பது. பிறகு நீ அங்கே ஸ்கேன் பிரிவில் ராஜினாமா கொடுத்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவது. மூன்றாவது மாதம் ஓடுகிறது. வீடு பார்த்தாயிற்று. சமையலறையில் நல்ல வெளிச்சம், அம்மாவின் முட்டிக்கு லிஃப்ட். வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசிவரைதான் காலியாக வைத்திருப்பார். உன் ராஜினாமா எங்கே?

நேற்று நான் கேட்டது இந்த ஒரு கேள்விதான். நீ பதிலுக்கு, என் இடத்துக்கு வந்திருக்கிற ஆளைப் பற்றிப் பேசினாய். நான் எழுதிய பேக்கப் ஸ்கிரிப்டை அவன் ஒரே மதியத்தில் ஒழுங்குபடுத்திவிட்டானாம். அதில் ஒழுங்குபடுத்த என்ன இருந்தது? நாலு வருஷம் தவறாமல் ஓடியது. புதிதாக வருகிற எவனும் பழையவன் எழுதியதைப் பார்த்து முகம் சுளிப்பான். இந்தத் தொழிலின் வியாதி அது, எனக்கும் உண்டு. அதை நீ ஏன் என்னிடம் பெருமையாகச் சொல்கிறாய்?

ஆஸ்பத்திரி முழுக்க அவனை 'சாது' என்று கூப்பிடுகிறதாம். வந்து முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் செல்லப்பெயர். நாலு வருஷத்தில் எனக்கு யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை.

"அந்த ஆள் வந்ததுக்கப்புறம்தான் உனக்கு அந்த ஊர விட மனசு வரலையா?" என்று கேட்டேன். கேள்விதானே? பதில் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம்.

ராஜினாமா கொடுத்ததும் ஒரு வரி எழுது.

நான்


ஜூன் 5

எழுத்திலும் குரைக்கிறவனுக்கு,

உனக்கும் பெயர் இருந்தது. பிரஷர் குக்கர். நீ இருக்கும்போது அதைச் சொல்ல யாருக்குத் தைரியம்? மருந்துக் கவுண்டரிலிருந்து மாடி நர்ஸ் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பிரிண்டர் நின்றுபோனால், "குக்கரக் கூப்பிடவா, இல்ல கையாலயே எழுதிக்கலாமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். பாதிப் பேர் கையாலேயே எழுதிக்கொண்டார்கள்.

உன் மற்ற கேள்விக்கு வருகிறேன். அதைக் கேள்வி என்கிறாய். சரி, நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். நீ பொறாமைப்படுவது என்னை நினைத்தா, அந்த சர்வரை நினைத்தா? நாலு வருஷம் அதுதான் என் சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமை சினிமா பாதியில் எழுந்து ஓடுவாய். "என்னாச்சு?" என்றால், "அதுக்கு உடம்பு சரியில்ல" என்பாய். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டு அதைப் பார்க்கப் போனாய். இப்போது அதன் பக்கத்தில் வேறொருவன் உட்கார்ந்ததும் உனக்கு எரிகிறது. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

போன வாரம் வீட்டு வைஃபை நின்றுவிட்டது. அதன் பாஸ்வேர்டு உன் தலைக்குள் மட்டும் இருந்தது. அத்தை சீரியல் பார்க்க முடியாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து போகிற வழியில் சாது வந்து பார்த்தான். எல்லாவற்றையும் புதிதாக அமைத்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு ஞாபகம் இருக்கற மாதிரி ஒரு பாஸ்வேர்டு நீங்களே வைங்க" என்றான். அத்தையே வைத்தார். அவன் போனதும் என்னிடம், "புள்ள எவ்வளவு பதமா பேசுது! நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, ஒயரப் பாத்தாலே எரிஞ்சு விழும்" என்றார். பாஸ்வேர்டை உனக்குச் சொல்லக் கூடாதாம். சொன்னால் மாற்றிவிடுவாயாம்.

இங்கே ஒரு தொல்லை. ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைக்கிற சர்வர் நீ போன கொஞ்ச நாளிலிருந்து நொண்டுகிறது. நோயாளியின் பெயர் உடனே வருகிறது. படம் வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது. டிஸ்க் கோளாறாக இருக்கும் என்று சாது அதையே குடைந்துகொண்டிருக்கிறான்.

ராஜினாமா கொடுக்கவில்லை. காரணம் இருக்கிறது. நீ இப்படி எழுதும்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான்தான்


ஜூன் 9

வாய் வராதவளுக்கு,

என் வீட்டு பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. என் இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். இதை நீ நகைச்சுவை என்று எழுதியிருக்கிறாய். நான் சிரிக்கவில்லை.

அது டிஸ்க் இல்லை. டிஸ்க் என்றால் பெயரும் தாமதமாகத்தான் வரும். இதுகூடத் தெரியாதவனுக்கு என் அறை, என் மேஜை, என் அம்மாவின் பாராட்டு.

சரி, காரணம் சொல்ல வாய் வரவில்லை என்றாயே, நான் சொல்கிறேன். அந்தப் படச் சர்வரில் உன் பெயரில் ஒரு லாகின் புதிதாக முளைத்திருக்கிறது. ஸ்கேன் பிரிவுக் கணினியிலிருந்து இல்லை, சர்வர் அறைக்கு உள்ளேயிருந்து. வாரத்தில் இரண்டு மூன்று மதியம், உன் ஷிப்ட் முடிந்த பிறகு. அதே நேரத்தில் அவன் லாகினும் இருக்கிறது.

ஸ்கேன் எடுக்கிறவளுக்கு சர்வர் அறையில் என்ன வேலை? அந்த அறை எனக்குத் தெரியாதா? உள்ளே போனால் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, காதருகே குனிந்துதான் பேச வேண்டும். குளிரில் விரல் விறைக்கும். இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதை வாங்கிப் போட்டவன் நான். ஒரே நாற்காலியில் இரண்டு பேர் எப்படி மதியம் முழுக்க இருக்கிறீர்கள்?

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதே. பதில் மட்டும் சொல்.


ஜூன் 10

உனக்கு,

கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நீ போகும்போது உன் லாகினை யாரும் எடுக்கவில்லை. நீயும் எடுக்கச் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு, நான் எப்போது உள்ளே போகிறேன், எப்போது வெளியே வருகிறேன் என்று சர்வர் குறித்து வைக்கிற லாகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். மற்ற வீடுகளில் சட்டைப்பையைத் துழாவுவார்கள். நம் வீட்டில் இது.

ஒரே நாற்காலிதான். அதில் நான் உட்கார்கிறேன், அவன் நிற்கிறான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். கீபோர்டு என்னிடம். அந்த சர்வரை ஓட்டுகிற லினக்ஸை நான் கற்றுக்கொள்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் கமாண்ட் என்ன பண்ணும்?" என்று கேட்டேன். "தள்ளு, காட்டறேன்" என்றாய். கீபோர்டு உன் கைக்குப் போய்விட்டது. உன் விரல் ஓடியது, திரை ஓடியது. "பாத்தியா?" என்றாய். எதைப் பார்ப்பது? அடுத்த தடவை கேட்டபோதும் "தள்ளு". அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்டது உனக்குத் தெரியவும் இல்லை.

சாதுவிடம் நான் தப்பாக அடித்தால், "என்ன சொல்லுது, படிங்க" என்பான். அவ்வளவுதான். படிப்பேன், திருப்பி அடிப்பேன். ஒரு தடவை அரை மணி நேரம் ஒரு புள்ளியை விட்டுவிட்டுத் தவித்தேன். அவன் கை முதுகிலிருந்து வரவே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவனுக்கு யாரைப் பிடிக்கும் என்று உனக்கு எழுதப் போவதில்லை. எழுதினால் நான் குற்றவாளிக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன மாதிரி ஆகும். ஏற மாட்டேன்.

நீ கேட்ட காரணம் இதுதான். படச் சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆளைப் போடப் போகிறார்கள். என்னை எடுக்கலாம் என்று ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அம்மா நினைக்கிறார். இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் நான் அங்கே வர மாட்டேன், இப்போதைக்கு. இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு மாதமாகத் தயங்கினேன். அசிங்கமாக நீ கேட்டதால் சுலபமாகிவிட்டது.

உன் லாகினை நீயே எடுத்துவிடு. எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அதுவரை நான் சாதுவிடம் வாயைத் திறக்க மாட்டேன்.


ஜூன் 11

மாணவிக்கு,

கை கட்டி நிற்பது பெரிய வித்தையா? வேலை தெரியாதவனும் கை கட்டித்தான் நிற்பான்.

நீ படித்துக்கொண்டே இரு. அவன் நின்றுகொண்டே இருக்கட்டும். இத்தனை நாளாகப் படம் ஊர்கிறது. நான் இங்கிருந்து பார்த்தேன், பார்த்ததும் தெரிந்துவிட்டது. சர்வரின் நெட்வொர்க் கார்டு ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் வேண்டும். அது வாக்கிடாக்கி மாதிரி ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் மாதிரிச் சின்னது தாண்டிவிடும். படம் மாதிரிப் பெரியது வந்தால் வழியில் மோதி விழும், மறுபடி அனுப்பும், மறுபடி விழும். உன் சாது அதைப் பார்க்கவே இல்லை.

ஒரே ஒரு கமாண்ட். கார்டை அதன் முழு வேகத்தில் இறுக்கி வைத்தால் போதும். சாயந்தரம் கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இதை அனுப்பிவிட்டு இப்போதே செய்யப் போகிறேன். படம் பறக்கும், பார். "யார் சரி பண்ணினது?" என்று அவன் கேட்பான். பிரஷர் குக்கர் என்று சொல்.

அதற்குப் பிறகு லாகினை எடுக்கிறேன்.


ஜூன் 12

படம் பறக்கவில்லை. சர்வரே போய்விட்டது.

நேற்று உன் மெயிலை நான் படிக்கும் முன்பே மாடியிலிருந்து கூச்சல். படம் மட்டுமில்லை, பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்கேன் பிரிவு வாசலில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். படியில் விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பெரியவரை அப்போதுதான் மெஷினில் படுக்க வைத்திருந்தோம். படத்தை மேலே அனுப்ப வழியில்லை. சர்ஜன் மாடியிலிருந்து ஓடி வந்து, மூச்சிரைக்க எங்கள் சின்னத் திரையில் பார்த்தார். "கொஞ்சம் ரத்தக்கசிவு இருக்கு, உடனே மேல கொண்டுவாங்க" என்றார். பெரியவர் பிழைத்துவிட்டார். சர்ஜன் ஓடாமல் நடந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்தேன். நீயும் யோசி.

சாது பல் பிடுங்கப் போயிருந்தான். போனில் கேட்டால் "ம்ம், ம்ம்" என்கிறான், வாய் முழுக்கப் பஞ்சு. நான் சர்வர் அறைக்கு ஓடினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னால் கை கட்டி நிற்க யாரும் இல்லை. "என்ன சொல்லுது, படிங்க" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார்டு இணைப்பு அறுந்து கிடந்தது. அதற்குச் சற்று முன்னால் யாரோ அதன் வேகத்தைக் கையால் மாற்றியிருந்தார்கள். மாற்றியதைக் கழற்றினேன். விளக்கு எரிந்தது. பழையபடி நொண்ட ஆரம்பித்தது. நொண்டலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

பிறகு மாற்றியது யார் என்று பார்த்தேன். உன் பெயர்.

எந்த நெட்வொர்க் வழியாக உள்ளே வந்தாயோ, அந்த நெட்வொர்க் கார்டிலேயே கை வைத்திருக்கிறாய். அது அறுந்ததும் நீயும் வெளியே விழுந்தாய். உள்ளே வந்து சரிசெய்ய உனக்கே வழியில்லை. இதைச் செய்யக் கூடாதென்று முதல் வாரத்திலேயே சாது எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

சாது வீங்கின கன்னத்தோடு வந்து அதே லாகைப் பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். கண்காணிப்பாளர் அம்மாவிடம் போய், "பழைய லாகின எடுக்க வேண்டியது என்னோட வேல, மேடம். தப்பு என்னோடது" என்றான். யார் என்று அவர் கேட்டார். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் முழு விளக்கம் தராவிட்டால் வேலையை விட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அவன் தர மாட்டான். எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

திங்கள்வரை நானும் சொல்ல மாட்டேன். செவ்வாய் காலை நானே போய் என் புருஷன் என்று சொல்வேன். அதற்கு முன்னால் நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன்.

உன் லாகினை எடுத்துவிட்டேன். நானே எடுத்தேன்.


ஜூன் 15

உனக்கு,

கண்காணிப்பாளருக்கு இன்று காலை எழுதிவிட்டேன். முழுவதும், தேதியோடு, என் பெயரோடு. இங்கே என் மேலாளருக்கும் ஒரு நகல்.

நல்லவனாக மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. உன் மெயில் வந்ததும் நான் முதலில் நினைத்தது, 'தொலையட்டும்' என்பதுதான். நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே அவன் போய்விடுவான். சனிக்கிழமை முழுக்க அப்படியே சும்மா உட்கார்ந்திருந்தேன். சாப்பாடுகூட நன்றாக இறங்கியது.

நேற்றுதான் உறைத்தது. தப்பு என்னுடையது. சர்வரை வீழ்த்தியவன் நான். அதையும் அவன் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். என் நாற்காலி, என் அம்மா, என் வீட்டு பாஸ்வேர்டு, கடைசியில் என் தப்புமா? அதையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா? அவன் வேலை போய்விட்டால் நீ ஆயுசு முழுக்க அவனைப் பெரிய மனிதனாக நினைத்துக்கொண்டிருப்பாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் நினைப்பாய். அதைத் தாங்க என்னால் முடியாது. அதனால்தான் எழுதினேன். வேறு மகத்துவம் எதுவும் இல்லை.

பெரியவரைப் பற்றி யோசித்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்துச் சொல்.

இன்னொன்று. கார்டு வாக்கிடாக்கியாக ஓடியது உண்மை, அதில் நான் தவறவில்லை. பிறகு முழு வேகம் வைத்ததும் ஏன் அறுந்தது? மண்டை குடைகிறது. சாது கடைசியில் என்ன கண்டுபிடித்தான்?


ஜூன் 18

உனக்கு,

பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது ஸ்கேன் பிரிவில் எட்டிப்பார்த்து, "படத்துல நான் நல்லா விழுந்தேனாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாதுவின் வேலை தப்பியது. கண்காணிப்பாளர் அம்மா உன் மெயிலை மேஜையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரர் இனிமே இந்த ஆஸ்பத்திரியோட எந்த மெஷினையும் தொடக் கூடாது. நோயாளியா வந்தா பாத்துக்கறோம்" என்றார். உன் மேலாளரும் அவரிடம் பேசியிருக்கிறார். உனக்கு மூன்று மாதம் சர்வர் பக்கம் அனுமதி இல்லை, கேபிள் இழுக்கிற வேலை என்று கேள்விப்பட்டேன். நீ எனக்கு எழுதவில்லையே?

சாது எதையும் கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டுபிடித்தேன்.

நீ 'வாக்கிடாக்கி' என்று எழுதியதைத்தான் பிடித்துக்கொண்டேன். பேசுகிறவர் இரண்டு பேர். நீயும் சாதுவும் சர்வரையே பார்க்கிறீர்கள். மறுமுனை என்ன நினைக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? சர்வரிலிருந்து கிளம்புகிற கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். மேஜைக்குப் பின்னால், குழாய் ஓரமாக, படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற அலமாரி வரைக்கும். புடவையெல்லாம் ஒட்டடை. அங்கே எல்லாக் கேபிளும் வந்து சேர்கிற ஸ்விட்ச் பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை, இந்தக் கேபிள் செருகிய துளையில் மட்டும் ஆரஞ்சு. பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகினேன். பச்சை. மேலே போய்ப் பார்த்தால் படம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது.

அந்தத் துளையைப் பழைய கார்டுக்கு ஏற்ற குறைந்த வேகத்தில் இறுக்கி வைத்திருந்தார்கள். நீ போன பிறகு சர்வரில் புதுக் கார்டு மாற்றினார்கள். புதுக் கார்டு, "எந்த வேகத்துல பேசலாம்?" என்று கேட்கிறது. மறுமுனை பதிலே சொல்வதில்லை. பதில் வராததால் அது வாக்கிடாக்கி ஆகிவிட்டது. நீ அதை முழு வேகத்துக்கு முறுக்கினாய். மறுமுனை அசையவில்லை, அறுந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் துளையை இறுக்கி வைத்தவர் யார் என்று ஸ்விட்சில் பார்த்தோம். நீதான். சாது வாய்விட்டுச் சிரித்து நான் முதல் தடவை கேட்டேன். கன்னம் வலிக்கிறது என்று சிரித்துக்கொண்டே அழுதான்.

வேலையை எனக்கே தருகிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். உன்னைக் கேட்டு முடிவு செய்யப் போவதில்லை, முடிவு செய்தாயிற்று. ஆனாலும் நீ என்ன சொல்வாய் என்று தெரியாமல் கையெழுத்துப் போட எனக்குப் பிடிக்கவில்லை.


ஜூன் 19

உனக்கு,

கையெழுத்துப் போடு.

வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வெளிச்சத்தில் வேறு யாராவது சமைக்கட்டும். எனக்கு இங்கே ஒப்பந்தம் வருஷ முடிவுவரை. முடிந்ததும் அங்கே வந்து வேலை தேடுவேன். உங்கள் ஆஸ்பத்திரியில் கிடைக்காது. வேறு இடங்கள் இருக்கின்றன.

கேபிள் இழுப்பது உண்மைதான். வெட்கமாக இருந்தது, அதனால் எழுதவில்லை.

உன் மெயிலை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். முதலில் சாது கண்டுபிடிக்கவில்லை என்ற வரியில் நின்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அடுத்த வரி வரைக்கும்தான் நீடித்தது. நான் நாலு வருஷம் அந்த அலமாரியைத் திறந்து மூடியிருக்கிறேன். நான் இறுக்கிய துளை. எனக்கு ஞாபகம் வரவில்லை, நீ கேபிளைத் தடவிக்கொண்டே போய்க் கண்டுபிடித்திருக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது. சாதுவை நினைத்து எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று நான் ஒரு நாளும் நம்பவில்லை. நீ கெட்டிக்காரி என்பதை நம்ப வேண்டியிருக்கிறது, அதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை, அவன் பார்த்தான். இந்த எரிச்சல் சீக்கிரம் போகாது. போகாவிட்டாலும் பரவாயில்லை என்று இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் சொல்.

நேரில் கேட்க வேண்டியதுதான், ஆனால் அதுவரை பொறுக்க முடியவில்லை. அவன் இரண்டு மாதமாக டிஸ்க்கைப் பார்த்தான், நான் கார்டைப் பார்த்தேன், இரண்டு பேரும் சர்வரை விட்டு நகரவில்லை. விளக்கு ஆரஞ்சு என்பது போய்ப் பார்த்த பிறகுதான் உனக்குத் தெரியும். 'வாக்கிடாக்கி' என்று எழுதிய எனக்கே தோன்றாதபோது, மறுமுனையில் ஏதோ இருக்கிறது என்று போவதற்கு முன்னாலேயே உனக்கு எப்படித் தோன்றியது? எனக்குப் புரியவில்லை. சொல்லு.